நான்கில் ஒன்று என்றால் என்ன?

ஒரு வீட்டில் அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். தாய் நான்காம் முறையாகக் கருவுற்றிருக்கிறாள். அவ்வீட்டுக்கு வரும் உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். "மூன்றும் பெண்ணாகிவிட்டது, இனி வருவது ஆண்தான்" என்பார் பாட்டி. "அவளுக்குப் பெண் ராசி, இதுவும் பெண்தான், பாருங்கள்" என்பார் சித்தி. இருவரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் இருவருடைய உறுதிக்கும் ஆதாரம் இல்லை.

ஏன் என்று பார்ப்போம். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோமே உள்ளது. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸ் குரோமோசோமையும், மறுபாதி ஒய் குரோமோசோமையும் தாங்கியுள்ளன. எக்ஸ் விந்தணு முட்டையுடன் சேர்ந்தால் பெண் குழந்தை. ஒய் விந்தணு சேர்ந்தால் ஆண் குழந்தை. ஆகவே பெண் பிறந்ததற்குத் தாயைக் குறை கூறுவது அறியாமை. அது மட்டுமன்று; நான்காம் முறை முட்டையை அடையும் விந்தணுவுக்கு, முன்பு மூன்று பெண்கள் பிறந்த செய்தி தெரியாது. வாய்ப்பு முன்போலவே ஏறத்தாழச் சரிபாதிதான்.

பூவா தலையா போட்டுப் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து பூ விழுந்துவிட்டது என்பதற்காக நான்காம் முறை தலை விழ வேண்டும் என்ற கட்டாயம் நாணயத்துக்கு இல்லை. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது.

இந்தச் சிறு உண்மை வீட்டு வேடிக்கைப் பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சில குடும்பங்களில் இதை அறியாததால் ஒரு குழந்தையின் வாழ்நாள் துன்பமே விளைந்துவிடுகிறது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயற்பியல் ஆசிரியரின் பட்டாணித் தோட்டம்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இவருக்கு மரபியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மரபியலைத் தோற்றுவித்தவரே இயற்பியல் ஆசிரியர்தாம் என்பது என் பதில்! கிரிகோர் மெண்டல் (1822–1884) இன்று செக் நாட்டில் உள்ள புர்னோ நகரத்து மடம் ஒன்றில் துறவியாக இருந்தவர். 1851 முதல் 1853 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்கு இயற்பியல் கற்பித்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டியன் டாப்ளர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அந்த 'டாப்ளர் விளைவு'க்குப் பெயர் தந்தவர் அவரே. ஊர் திரும்பிய மெண்டல், 1854 முதல் புர்னோவில் ஒரு பள்ளியில் இயற்பியலும் இயற்கை வரலாறும் கற்பித்தார்.

1856-இல் அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். அவருக்கு முன்பும் பலர் செடிகளைக் கலப்பினம் செய்திருக்கிறார்கள். ஆனால் இயற்பியல் பயின்ற மெண்டல், விளைவுகளை வெறுமனே வருணிக்காமல் எண்ணிப் பார்த்தார். அதுவே அவருடைய பெருமை.

உருண்டை விதை தரும் செடியையும், சுருங்கிய விதை தரும் செடியையும் அவர் கலந்தார். கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டையாக இருந்தன. சுருக்கம் எங்கே போயிற்று? அவ்விதைகளை முளைக்கவைத்து, அச்செடிகளைத் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ள விட்டார். அடுத்த தலைமுறையில் மறைந்திருந்த சுருக்கம் மீண்டும் வெளிப்பட்டது. 253 செடிகளிலிருந்து கிடைத்த 7,324 விதைகளை அவர் எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. அதாவது 2.96-க்கு 1, ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

மெண்டல் தந்த விளக்கம் எளிமையானது. ஒவ்வொரு பண்புக்கும் ஓர் உயிரியில் இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும், மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவை. அந்த உயிரி தன் சந்ததிக்கு அவற்றுள் ஒன்றை மட்டுமே வழங்குகிறது. எதை வழங்கும் என்பது பூவா தலையாதான். இரு வகைக் காரணிகளும் ஒருங்கே இருக்கும்போது ஒன்றின் விளைவு மட்டும் வெளியே தெரிகிறது. அது ஓங்கு பண்பு. மற்றது மறைந்து நிற்கிறது. அது ஒடுங்கு பண்பு. இக்காரணிகளையே இன்று நாம் மரபணுக்கள் என்கிறோம். 1866-இல் அச்சான அவருடைய கட்டுரையை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1900-இல்தான் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது மெண்டல் உயிரோடு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடநூல்கள் மூன்றுக்கு ஒன்று என்ற மொத்த விகிதத்தையே பெரும்பாலும் கூறுகின்றன. ஆனால் மெண்டல் தனித்தனிச் செடிகளின் கணக்கையும் தம் கட்டுரையில் தந்திருக்கிறார். ஒரு செடியில் 45 உருண்டை, 12 சுருக்கம். மற்றொன்றில் 19-உம் 10-உம். வேறொன்றில் 43 உருண்டை இருக்க, சுருங்கியவை இரண்டே இரண்டு. இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருக்கம், சுருக்கமே மிகுதி!

இவை பிழைகள் அல்ல. விதியே இப்படித்தான் இயங்குகிறது. ஒரு பலூனுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை நாம் துல்லியமாகக் கணக்கிட முடியும். ஆனால் அதிலுள்ள குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. கோடானுகோடி மூலக்கூறுகள் சேரும்போதுதான் ஒழுங்கு பிறக்கிறது. 7,324 விதைகளில் தெரிந்த ஒழுங்கை ஒரு செடியின் 29 விதைகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. அப்படியானால் இரண்டோ மூன்றோ குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்திடம் எதிர்பார்க்கலாமா?

நான்கு கட்டங்கள்

பட்டாணியை விட்டு இப்போது மனிதனுக்கு வருவோம். நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து செல்வது அதுவே. அதில் பீட்டா என்னும் இழை 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. சிலரிடம் இம்மாலையின் ஆறாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருக்கிறது. 146-இல் ஒன்றுதான் மாறியது. ஆயினும் விளைவு பெரிது. ஆக்சிஜன் குறையும் இடங்களில் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. தட்டு வடிவச் சிவப்பு அணு வளைந்து கதிர் அரிவாள் வடிவம் பெறுகிறது. அரிவாள் அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. விரைவில் அழிந்தும் போகின்றன. இதனால் சோகை, தாங்க முடியாத எலும்பு வலி, அடிக்கடி நோய்த் தொற்று ஆகியவை வருகின்றன. இதுவே கதிர் அரிவாள் இரத்தசோகை.

1910-இல் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதை மருத்துவ இதழில் விவரித்தார். நம் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இம்மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. நடு இந்தியாவின் பழங்குடிகளிடமும், ஆப்பிரிக்கா, அரேபியா முதலிய பகுதிகளிலும் இது காணப்படுகிறது. மலேரியா மிகுந்த நாடுகளில் இது நிலைத்ததற்குக் காரணம் உண்டு. இம்மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. 1954-இல் ஆந்தனி அலிசன் இதை எடுத்துக்காட்டினார். ஆகவே இது எந்த மக்களுக்கும் இழுக்கன்று; முன்னோர் உயிர் பிழைத்த வரலாற்றின் எச்சம்.

இயல்பான மரபணுவை 'இ' என்றும், அரிவாள் மரபணுவை 'அ' என்றும் குறிப்போம். ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் உள்ளன. 'இஇ' உடையவர் நலமானவர். 'அஅ' உடையவர் நோயாளி. 'இஅ' உடையவர்? அவரிடம் போதிய அளவு இயல்பான ஹீமோகுளோபின் இருப்பதால் பெரும்பாலும் எந்தத் துன்பமும் இன்றி வாழ்கிறார். ஆனால் அரிவாள் மரபணுவைத் தம் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடும். எனவே அவரைக் கடத்தி என்பர். மின்கம்பியைக் கடத்தி என்று சொல்லிப் பழகிய எனக்கு இச்சொல் சற்றே வேடிக்கையாகத்தான் இருக்கிறது!

கணவன், மனைவி இருவருமே கடத்திகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரம் வரைந்து அதை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். மேலே தந்தை தரக்கூடிய 'இ', 'அ'. பக்கத்தில் தாய் தரக்கூடிய 'இ', 'அ'. கட்டங்களை நிரப்பினால் கிடைப்பவை: இஇ, இஅ, அஇ, அஅ. ஆங்கில விஞ்ஞானி பன்னெட் என்பவரின் பெயரால் இதைப் பன்னெட் கட்டம் என்பர். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் முற்றும் இயல்பான குழந்தை. நான்கில் இரு பங்கு வாய்ப்பில் கடத்தி. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுள்ள குழந்தை.

பெற்றோரில் ஒருவர் மட்டும் கடத்தியாக இருந்தால்? கட்டத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். 'அஅ' எங்கும் வராது. நோயுள்ள குழந்தைக்கு இடமில்லை. பாதி வாய்ப்பில் கடத்தி பிறக்கலாம், அவ்வளவே.

256 குடும்பங்கள்

இனித்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஒரு தம்பதியருக்கு முதல் குழந்தை இந்நோயோடு பிறக்கிறது. "உங்கள் இருவரிடமும் மறைந்திருந்த மரபணுதான் காரணம், உங்கள் குழந்தைகளுக்கு நான்கில் ஒன்று வாய்ப்பு" என்கிறார் மருத்துவர். அவர்கள் வீடு திரும்புகிறார்கள். "நான்கில் ஒன்று என்றார், அந்த ஒன்று வந்துவிட்டது. இனி மூன்று குழந்தைகளுக்குக் கவலையில்லை" என்று ஆறுதல் கொள்கிறார்கள். பரிசோதனை எதுவும் இல்லாமலே அடுத்த குழந்தை பிறக்கிறது. அதற்கும் நோய் இருந்துவிட்டால்? மருத்துவர் பொய் சொன்னார் என்று அவர்கள் எண்ணுவார்கள். மருத்துவர் பொய் சொல்லவில்லை; கேட்டவர்கள் நான்கில் ஒன்று என்பதை ரேஷன் பங்கீடு போல எண்ணிவிட்டார்கள்.

இருவரும் கடத்திகளாக உள்ள, நான்கு குழந்தைகள் பெற்ற 256 குடும்பங்களை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை நோயின்றிப் பிறக்க வாய்ப்பு 3/4. நான்குமே நோயின்றிப் பிறக்க 3/4-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், விடை 81/256. இவ்வாறே மற்றவற்றையும் கணக்கிட்டால், சராசரியாக எதிர்பார்க்கக் கூடியவை இவை:

நோயுள்ள குழந்தையே இல்லாத குடும்பங்கள் 81.
ஒரே ஒரு குழந்தைக்கு நோய் உள்ளவை 108.
இரு குழந்தைகளுக்கு நோய் உள்ளவை 54.
மூன்று குழந்தைகளுக்கு நோய் உள்ளவை 12.
நான்கு குழந்தைகளுக்குமே நோய் உள்ளது 1.

"நான்கில் ஒன்று" என்ற சொல்லுக்கு அப்படியே பொருந்தும் குடும்பங்கள் 108 மட்டுமே, பாதிக்கும் குறைவு. ஆனால் மொத்தக் குழந்தைகளை எண்ணுங்கள். 1,024 குழந்தைகளில் நோயுள்ளவர்கள் 108 + 108 + 36 + 4, அதாவது 256. மிகச் சரியாக நான்கில் ஒன்று! விதி குடும்பத்துக்குக் குடும்பம் பங்கு வைப்பதில்லை. கூட்டுத் தொகையில்தான் வெளிப்படுகிறது. மெண்டலின் 253 செடிகள் சொன்னதும் இதையே.

ஆகவே அத்தம்பதியருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஒவ்வொரு முறை கருவுறும்போதும் நாணயங்கள் புதிதாகச் சுண்டப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. நான்கில் மூன்று பங்கு நம்பிக்கை. முதல் குழந்தைக்கு நோய் வந்ததால் இது குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை.

சொந்தத்தில் திருமணம்

தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதும், அத்தை மகன், மாமன் மகள் திருமணமும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். கணக்கு இவற்றைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒரு பாட்டி, ஒடுங்கு நோய் ஒன்றின் கடத்தி என்க. குடும்பத்தில் வேறெவரும் அம்மரபணுவை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. பாட்டியின் மகனுக்கு அது வந்திருக்க வாய்ப்பு 1/2. மகளுக்கும் 1/2, அம்மகளின் மகளுக்கு 1/4. மாமனும் அக்காள் மகளும் மணந்தால் இருவரும் கடத்திகளாக இருக்கும் வாய்ப்பு 1/2 × 1/4 = 1/8. அவர்கள் குழந்தைக்கு நோய் வர 1/8 × 1/4 = 1/32. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் இது 1/64.

அதே மாமன் வெளியில் பெண் எடுக்கிறார் என்றும், ஊரில் நூற்றுக்கு ஒருவர் கடத்தி என்றும் வைத்துக்கொண்டால், 1/2 × 1/100 × 1/4 = 1/800. முன்னதைவிட இது 25 மடங்கு குறைவு. சொந்தத்தில் மணப்போர் எல்லாருக்கும் நோயுள்ள குழந்தை பிறக்கும் என்பது இதன் பொருளன்று. 32-இல் 31 பங்கு வாய்ப்பு நலத்தின் பக்கமே. ஆனால் மறைந்திருக்கும் மரபணு தன் இணையைச் சந்திக்கும் வாய்ப்பு உறவுக்குள் பெருகுகிறது. மலைக் கிராமங்கள் போன்ற சிறு சமூகங்களில், உறவல்லாத இருவரிடமும்கூட அம்மரபணு இருக்கக்கூடும். எனவேதான் பரிசோதனை தேவைப்படுகிறது.

கடத்தியா அல்லவா என்பதைச் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அறியலாம். 40 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதித்து, ஒவ்வொருவருக்கும் அவர் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கும் நாடு தழுவிய திட்டம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. இருவரும் கடத்திகள் எனத் தெரிந்தால், கருவுற்ற 10 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்து, கரு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று காண இயலும். நோயோடு பிறந்த குழந்தையையும் தொடக்கத்திலேயே இனங்கண்டால் மருந்துகளால் பெரிதும் காக்கலாம்.

கட்டத்துக்குள் அடங்காதவை

நான்கு கட்டங்களைக் கற்றதும் எல்லாப் பண்புகளையும் கணித்துவிடலாம் என்ற துணிவு வருவது இயல்பு. அது தவறு. ஒரே மரபணு தீர்மானிக்கும் பண்புகளுக்கே இக்கணக்கு நேராகப் பொருந்தும். மனிதனின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வெளியான, 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ஆய்வில், உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட மரபு வேறுபாடுகள் கண்டறியப்பட்டன. இவற்றோடு உண்ணும் உணவும், சிறு வயதில் வந்த நோய்களும் சேர்ந்துகொள்கின்றன. தோலின் நிறமும் பல மரபணுக்களின் கூட்டு வேலையே.

நாக்கைக் குழல் போல் சுருட்டுவது ஒரே மரபணுவின் செயல் என்று இன்றும் சிலர் கற்பிக்கிறார்கள். 1940-இல் ஸ்டர்ட்டிவன்ட் என்னும் விஞ்ஞானி அவ்வாறு கருதினார். ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களை 1952-இல் ஆராய்ந்தபோது, சில இணைகளில் ஒருவர் நாக்கைச் சுருட்ட, மற்றவரால் முடியவில்லை. மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் பண்பு வேறாக இருக்கிறதென்றால், ஒரு மரபணு மட்டும் அதைத் தீர்மானிக்க முடியாதல்லவா? ஆகவே, "அப்பாவால் முடியாது, அம்மாவாலும் முடியாது, உன்னால் மட்டும் எப்படி நாக்கைச் சுருட்ட முடிகிறது?" என்று எவரையும் ஐயுற வேண்டாம்.

செய்து பாருங்கள்

இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தந்தை, மற்றது தாய். பூ விழுந்தால் 'இ'. தலை விழுந்தால் 'அ'. இரண்டையும் சேர்த்து நூறு முறை சுண்டி, ஒவ்வொரு முடிவையும் வரிசையாகக் குறியுங்கள். பிறகு நான்கு நான்காகப் பிரித்து, 25 'குடும்பங்களாக' ஆக்குங்கள். எத்தனை குடும்பங்களில் மிகச் சரியாக ஒரு 'அஅ' வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு 'அஅ' அடுத்தடுத்து வந்த இடங்களும் கண்ணில் படும். வகுப்பில் உள்ள அனைவருடைய முடிவுகளையும் கூட்டிப் பாருங்கள்; நான்கில் ஒன்றை நோக்கி எண்ணிக்கை நெருங்கி வருவதைக் காண்பீர்கள்.

அதே தாளில் இன்னொரு கணக்கையும் போடலாம். நோயுள்ள ஒரு சிறுவனுக்கு நலமாக இருக்கும் அக்காள் ஒருத்தி உண்டு; அவளுக்குத் திருமணம் பேசுகிறார்கள். அவள் கடத்தியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்று சொல்லத் தோன்றும். உங்கள் பட்டியலில் 'அஅ' வந்தவற்றை அடித்துவிடுங்கள். அவள் நலமாக இருப்பதால் அக்கட்டம் அவளுக்கு இல்லை. எஞ்சியவற்றில் ஒரு தலை உள்ளவற்றை எண்ணுங்கள். ஏறத்தாழ 75-இல் 50 கிடைக்கும். விடை மூன்றில் இரண்டு.

கணக்கு இவ்வளவுதான் சொல்லும். அவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது. சிறிதளவு இரத்தம் சொல்லிவிடும். திருமணத்துக்கு முன்பே மணமகனும் அப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இருவரில் ஒருவருக்கு 'அ' இல்லை என்று தெரிந்துவிட்டால், அவர்கள் பிள்ளைகளுக்கு இந்நோய் பற்றிய அச்சம் வேண்டியதில்லை.